குடத்தைத் தூக்கிக் காட்டு, தாத்தா!

உத்திரமேரூருக்கு மேடைகளில் கிடைக்கும் மரியாதை, அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் டீ குடிப்பவர்களுக்குத் தெரிந்தால் கூச்சப்பட்டுப் போவார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்த ஊர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசினார். உள்ளாட்சித் தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் குடவோலை ஞாபகம் வந்துவிடும். "உலகத்துக்கே ஓட்டுப் போடச் சொல்லிக்கொடுத்த ஊர்" என்பார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் காரில் ஏறிவிடுவார்கள். நல்லவேளை, யாரும் இறங்கிப் போய்ப் படிப்பதில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் வெட்டியிருப்பதில் கணிசமான பகுதி கணக்குக் காட்டாதவனைப் பற்றியது.

தவிர, அது ஓட்டுப் போட்ட கதையும் இல்லை. குடத்துக்குள் கையை விட்டு ஓலை எடுத்தார்கள், சுத்தமான குலுக்கல். என்னைக் கேட்டால் அந்தச் சுவரில் இருப்பது ஒரு சமூக வலைத்தளத்தின் விதிமுறைப் பக்கம். யார் உறுப்பினர், யார் அட்மின், அட்மின் எத்தனை நாள் இருக்கலாம், யாரை பிளாக் செய்ய வேண்டும் என்பதெல்லாம் வரிசையாக இருக்கிறது. நாம் படிக்காமலே கடைசிவரை தள்ளிக்கொண்டு போய் 'சம்மதம்' என்று தட்டுகிறோமே, அதே சமாசாரம். இவர்கள் அதைக் கல்லில் வெட்டி, ஊரார் நடந்துபோகிற இடத்தில் வைத்துவிட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாக மாற்ற முடியாது. மாற்றினால் உளிச் சத்தம் ஊருக்கே கேட்கும்.

கி.பி. 919. மதுரை கொண்ட பராந்தக சோழனுக்குப் பட்டம் கட்டி 12ஆவது ஆண்டு. உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்து மகாசபை கூடி முதல் பதிப்பை வெளியிட்டது. முதல் பதிப்பு என்றால் ஓட்டை இருக்கத்தானே செய்யும்? இரண்டே ஆண்டில், 921இல், திருத்திய பதிப்பு வந்துவிட்டது. நடுவில் என்ன நடந்தது என்று கல் வாய் திறக்கவில்லை. ஆனால் ஒரு சங்கத்தின் விதியில் புதிதாக ஒரு தடை முளைத்தால், அந்தக் காரியத்தைச் செய்த ஆள் அதே சங்கத்தில் இருந்தார் என்றுதான் அர்த்தம். குடியிருப்போர் நலச் சங்கத்தில் ஒரு வருஷம் இருந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

திருத்தத்தில் ஒன்று ரொம்ப அழகு. முதல் பதிப்பில், ஊர் வேலைகளைப் பார்க்கும் வாரிய உறுப்பினருக்கு வயது 30க்கு மேல் 60க்குள். இரண்டாம் பதிப்பில் 35க்கு மேல் 70க்குள். இளவட்டத்துக்கு ஐந்து வருஷம் கதவைச் சாத்திவிட்டு, பெரியவர்களுக்குப் பத்து வருஷம் திறந்துவிட்டார்கள். திருத்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது யார் என்று ஊகிக்க முனைவர் பட்டம் வேண்டாம். ஓரமாக நின்ற முப்பத்தொரு வயதுக்காரன் ஒருவன் கட்டாயம் வாயைத் திறந்திருப்பான்.

"மாமா, போன தடவை முப்பதுன்னேளே?"

"போன தடவை உனக்கு இருபத்தொன்பதுடா. பொறுமையா இரு."

"இப்போ முப்பத்தஞ்சுன்னா, நாலு வருஷம் கழிச்சு வரட்டுமா?"

"வா, வா. அதுக்குள்ள வேற ஏதாவது யோசிச்சு வைக்கறோம்."

மற்றத் தகுதிகளும் லேசுப்பட்டவை அல்ல. வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல், அதாவது ஒன்றரை ஏக்கருக்குக் குறையாமல், இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் ஓதி மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவருக்கு அரைக்கால் வேலி போதும் என்று ஒரு தள்ளுபடியும் உண்டு. கடந்த மூன்று ஆண்டில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது. பெண்கள்? பேச்சே இல்லை. நிலத்தை உழுதவர்? இல்லை. குடத்தைச் செய்த குயவருக்கு அந்தக் குடத்துக்குள் இடமில்லை. உலகின் முதல் ஜனநாயகம் என்று மார்தட்டுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் இருமிக்கொள்ளலாம். இன்றைய பாஷையில் அது ஒரு மூடிய குரூப். சேர விண்ணப்பிக்கிற பொத்தான்கூடக் கிடையாது.

இருந்தாலும் அட்மின்களை நம்பக் கூடாது என்ற ஞானம் மட்டும் அந்த மூடிய குரூப்புக்கு இருந்திருக்கிறது. நமக்கு இன்னும் வரவில்லை.

வாரிய உறுப்பினரின் ஆயுள் 360 நாள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்று வேலையைப் பிரித்துவிட்டார்கள். ஏரிக்காரர் பொன்னைத் தொட முடியாது. பொன் பார்ப்பவர் மதகைத் திறக்க முடியாது. குற்றம் கண்டால் அப்போதே நீக்கம். முகநூல் 2004இல் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரே ஆள்தான் தலைமையில் இருக்கிறார். 360 நாள் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது பிளாக் பட்டியல். திருடியவர், ஊரைக் கெடுத்தவர், தின்னக் கூடாததைத் தின்றவர், சேரக் கூடாத இடத்தில் சேர்ந்தவர் எல்லோரும் வெளியே. கழுதை மேல் ஏறியவரையும் கள்ளக் கையெழுத்துப் போட்டவரையும் கல்வெட்டு ஒரே மூச்சில் தள்ளிவைக்கிறது. கழுதை மேல் ஏற்றி ஊர் சுற்றவிடுவது பழைய தண்டனை. இன்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஐம்பது குரூப்பில் போட்டுவிடுகிறோம். கழுதைக்காவது அலைச்சல் மிச்சம்.

கணக்குக் காட்டாதவன் விஷயத்தில்தான் சபைக்கு வெறியே பிடித்துவிட்டது. அவன் மட்டும் வெளியே என்றால் நியாயம். அவனுடைய சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், அம்மாவோடு பிறந்தவர், அப்பாவோடு பிறந்தவர், அவனோடு பிறந்தவன், பெண் கொடுத்த மாமனார், தங்கை புருஷன், தங்கை மகன், மருமகன், பெற்ற அப்பா, பெற்ற மகன் என்று ஒருவரையும் விடாமல் பெயர்ச்சீட்டை நிறுத்திவைத்தார்கள். ஒருத்தன் ஏரிக் காசில் கை வைத்தால் கல்யாணப் பந்தியில் பாதி இலை காலி.

இது என்ன காட்டுமிராண்டித்தனம், ஒருவன் செய்ததற்கு அவன் உறவையெல்லாம் இழுப்பதா என்று நாம் கேட்கலாம். கேட்பதற்கு முன் 2018ஐ ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தபோது முகநூலே ஒரு கணக்குச் சொன்னது. ஆளுமைப் பரீட்சை மாதிரி இருந்த அந்த ஆப்பை இந்தியாவில் இறக்கியவர்கள் 335 பேர். அவர்களுடைய நண்பர்கள் என்ற ஒரே குற்றத்துக்காக விவரம் போயிருக்கக்கூடியவர்கள் இன்னும் 5,62,120 பேர். பராந்தகன் காலத்துச் சபை அத்தை மகன், மாமன் மகனோடு நிறுத்திக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் கூடப் படித்தவன் வரைக்கும் போகலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, பாவம்.

பாவத்துக்குப் பிராயச்சித்தம் செய்து சுத்தமாகிவிட்டேன் என்று வந்து நின்றாலும், சில குற்றங்களுக்கு ஆயுள் முழுக்கக் குடத்தில் பெயர் விழாது என்றும் வெட்டியிருக்கிறார்கள். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. விடுதலையான ஒருவர், தீர்ப்பில் இருக்கும் தன் பெயரை இணையத்திலிருந்து மறைக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021இல் தனி நீதிபதி முடியாது என்றார். 2024இல் இரு நீதிபதிகள் அமர்வு முடியும் என்றது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. மறக்கப்படுவதற்கு ஒரு மனுஷனுக்கு உரிமை உண்டா என்று ஆயிரத்து நூறு வருஷமாக வாய்தா ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு விஷயத்தில் கல்வெட்டைப் பாராட்டியே தீர வேண்டும். ஊர் மானத்தை வாங்கும் இத்தனை குற்றத்தையும் பட்டியல் போட்ட அந்த இரண்டாம் பதிப்பு, எந்தக் குற்றவாளியின் பெயரையும் சொல்லவில்லை. பெயர் இருப்பது ராஜாவுக்கும், ராஜா அனுப்பிய சோமாசிப்பெருமான் என்ற அதிகாரிக்கும், சபை சொல்ல எழுதிய மத்தியஸ்தனுக்கும். அதிகாரம் இருப்பவன் பெயர் சுவரில். தப்புச் செய்தவன் பெயர் ஊர் வாயோடு சரி. இப்போது நிலைமை தலைகீழ். ஆயாவின் ரேஷன் கார்டு நம்பரிலிருந்து கருவிழி வரை எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. அந்த சர்வரை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் அது ரகசியம்.

இனி குடத்துக்கு வருவோம். இதுதான் கதையின் உச்சக்கட்டம்.

ஊரில் முப்பது குடும்பு, நம் வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்கள் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, எந்தக் குடும்பு என்று மேலே ஒரு வாயோலை வைத்துக் கட்டி, கட்டுகளைக் குடத்தில் போட வேண்டும். குழந்தை குட்டி முதல் கிழம் கட்டை வரை சபை முழுக்கக் கூட வேண்டும். ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் உட்கார வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் எழுந்து குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். அவர் கண் குடத்துக்குள் போகக் கூடாது. அண்ணாந்து பார்த்தபடி நிற்க வேண்டும். எழுபது வயதுக் கைக்கு முப்பது கட்டு ஓலை போட்ட குடம் கனக்கும். மனுஷர் வானத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டதாகவே வைத்துக்கொள்ளலாம்.

அப்போதுதான் ஒரு பையனைக் கூப்பிடுவார்கள். யார் வேண்டுமானாலும் இல்லை. உள்ளே இருப்பது என்னவென்று அறியாத பையனாக இருக்க வேண்டும் என்று விதி.

"அம்பி, இங்க வா. இதுக்குள்ள என்ன இருக்கு தெரியுமா?"

"தெரியாது தாத்தா."

"படிக்கத் தெரியுமோ?"

"இன்னும் வரலை."

"உன்னை மாதிரி தகுதியான ஆள் இந்த ஊர்லயே கிடையாது. கையை விடு."

பையன் எடுத்த கட்டை வேறொரு வெறுங்குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை மறுபடியும் அவனே எடுப்பான். அதை மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். ஏன்? விரலிடுக்கில் வேறோர் ஓலை இருந்துவிடலாம் என்ற சந்தேகம்தான். பிறகு அவர் வாசிப்பார். அவர் வாசித்ததை நம்பாமல் உட்கார்ந்திருக்கும் நம்பிமார் எல்லோரும் வாங்கி வாசிப்பார்கள். அப்புறம்தான் பெயர் ஏறும். முப்பது குடும்புக்கும் முப்பது முறை இதே கூத்து. ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தால் ஊரையே கூட்டுச் சேர்க்க வேண்டும். ஊரையே கூட்டுச் சேர்த்துவிட்டால் ஏமாற்ற ஆள் இருக்காது.

இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள எழுத்தறிவுகூட அவசியமில்லை. கிழவருக்குக் குடம் தெரியும், பையனுக்கும் குடம் தெரியும். கண் இருந்தால் போதும்.

இப்போது இதே வட்டாரத்தில் ஏதாவது ஒரு திண்ணைக்கு வருவோம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில்தான் தொடங்கியது. ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். பணம் வந்ததும் போனில் மெசேஜ் வந்தது. மெசேஜோடு மெசேஜாகத் திருட்டுப் போனும் வந்தது. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று தண்டோரா போடாத குறை.

"ஆயா, பேங்க்லேந்து பேசறேன்னு எவனா கேட்டா நம்பர் சொல்லாதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?"

"மரியாதையாப் பேசினான்டா. வாய்க்கு வாய் அம்மா அம்மான்னான். நீ என்னிக்காவது அப்பிடிப் பேசினியா?"

ஆயாவைத் திட்டுகிற பேரனின் போனைக் கொஞ்சம் வாங்கிப் பார்க்கலாம். டார்ச் அடிக்கிற ஆப் ஒன்று அவனுடைய கான்டாக்ட், லொகேஷன், மைக் மூன்றையும் கேட்டிருக்கும். அவன் மூன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு சம்மதம் கொடுத்திருப்பான். ஆயா முன்பின் தெரியாத ஒருத்தனுக்கு வாயால் சொன்னாள். பேரன் முன்பின் தெரியாத நூறு கம்பெனிக்கு விரலால் சொன்னான். ஆயாவுக்கு அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது, பணம் போனதால். பேரனுக்கு இன்னும் தெரியாது.

921இல் பையனைக் கூப்பிட்டது அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பதால். இன்று கூப்பிடுவது அவனுக்கு எல்லாம் தெரியும் என்று. 2011இல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து இந்த நம்பிக்கை நம் வீடுகளில் வேர்விட்டுவிட்டது. பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். அழுத்தினால் சங்கதி எங்கே போகிறது என்று கேட்டால் அம்பி சொன்ன பதில்தான் அவனுக்கும். ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் உலகத்துக்கே போன் பூட்டி அனுப்புகிற மாவட்டம் இது. அந்தப் போனுக்குள் நடப்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் தூக்கிக் காட்டியதில்லை.

சட்டம் வேறு சேர்ந்துகொண்டது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் விவரத்தை எடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முழுதாக நடைமுறைக்கு வர ஒன்றரை வருஷம் அவகாசம். அமலுக்கு வந்த பிறகு நடக்கப்போவதை இப்போதே சொல்லிவிடலாம். பையனுக்கு அப்பா சம்மதம் கொடுக்க வேண்டும். சம்மதம் எப்படிக் கொடுப்பது என்று அப்பா பையனைக் கேட்பார். பையன் போனை வாங்கி, அப்பா சார்பில் தனக்குச் சம்மதம் கொடுத்துக்கொள்வான். கள்ளக் கையெழுத்தையும் கழுதையையும் சபை சும்மாவா ஒரே மூச்சில் சொன்னது?

பெரிய கம்பெனிகள் வேண்டாம், அதிகாரத்தைப் பிரித்துவிடுவோம் என்று கிளம்பிய ஒரு கூட்டமும் உண்டு. 2016இல் யூஜென் ரோஷ்கோ என்ற ஜெர்மன் இளைஞர் மாஸ்டடான் என்ற வலைத்தளத்தை எழுதினார். அதற்குத் தலைமை அலுவலகம் என்று ஓரிடம் கிடையாது. யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒரு சர்வர் வைத்து, தன் விதியை எழுதிக்கொள்ளலாம். ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரோடு பேசலாம். பிடிக்காத சர்வரை மொத்தமாகத் தள்ளிவைக்கலாம். சோழ நாட்டிலும் இப்படித்தான்: பிராமணருக்குச் சபை, வேளாளருக்கு ஊர், வணிகருக்கு நகரம் என்று தனித்தனி அமைப்பு, தனித்தனி விதி. எல்லாவற்றையும் இணைத்த பொது நெறிமுறை ஒன்றே ஒன்று: வரி.

மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதும், கோபித்துக்கொண்ட இந்தியர்கள் 2019 நவம்பரில் கும்பலாக மாஸ்டடானுக்குக் குடிபோனார்கள். போனவர்கள் அங்கே யாரோடு சண்டை போடுவது என்று தெரியாமல் விழித்துவிட்டுப் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டார்கள். எந்த சர்வரில் சேர்வது என்பதே முதல் கேள்வி; அதற்கே முக்கால்வாசிப் பேர் களைத்துவிட்டார்கள். 360 நாளுக்கு ஒருமுறை ஊர் முழுக்க வந்து உட்கார்ந்து முப்பது முறை குலுக்கலைப் பார்ப்பதும் லேசான வேலை இல்லைதான். சுயாட்சி என்றாலே முதுகு வலிக்கும். அந்த விஷயத்தில் ஆயிரம் வருஷத்தில் முன்னேற்றம் ஏதும் இல்லை.

அப்புறம் நம்மூர்ச் சரக்கு. ஜோஹோவின் 'அரட்டை' 2021இல் வந்து, யாரும் சீந்தாமல் கிடந்து, 2025 செப்டம்பரில் திடீரென்று நாடே இறக்கியது. சுதேசி, தமிழ்ப் பெயர், தென்காசிப் பெருமை எல்லாம் சரி. அந்தப் பரபரப்பு உச்சத்தில் இருந்த நாட்களில் எழுத்துச் செய்திகளுக்கு முழுப் பூட்டு, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும் மறையாக்கம், அதில் இல்லை. இறக்கியவர்களில் அதைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். குடம் எந்த ஊர் மண்ணில் செய்தது என்று பார்த்தோம்.

சோழர் காலத்துத் தன்னாட்சிக்கும் ரொம்பப் பூரிக்க வேண்டாம். சபை தன் விதியைத் தானே எழுதிக்கொண்ட அந்த இரண்டு கூட்டத்திலும் ராஜாவின் ஆள் கூடவே உட்கார்ந்திருந்தார், ராஜாவின் ஆணையோடு. அதிகாரம் பரவலாக்கப்பட்டதைத் தலைநகரத்திலிருந்து ஒருவர் வந்து மேற்பார்வை பார்த்தார் என்று சொன்னால் இன்றைய உள்ளாட்சிப் பிரதிநிதிகள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

கிழவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று சிரிக்கிறோமே, அதற்கும் ஒரு பதில் உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமையா என்று கேட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளை ஒன்றாக உட்காரவைத்து, 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாக "ஆம்" என்று சொல்லவைத்த வழக்கு யார் பெயரில்? கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 1926இல் பிறந்தவர். ஆதாரை எதிர்த்து 2012இல் மனுப்போட்டபோது எண்பதைத் தாண்டியிருந்தார். உத்திரமேரூர்ச் சபையாக இருந்தால் வயது அதிகம் என்று ஓலையைத் தள்ளியிருக்கும். அவர் வாங்கிக் கொடுத்த உரிமையைப் பேரன்மார் டார்ச் ஆப்புக்குக் கொடுத்துவிட்டார்கள்.

உத்திரமேரூர் இன்று பேரூராட்சி. ஆகவே கிராம சபை அந்த ஊரில் கிடையாது. சுற்றியிருக்கிற ஊராட்சிகளில்தான் உண்டு, ஆண்டுக்கு ஆறு முறை. உங்கள் ஊரில் நடந்தால் போங்கள். பேரனையும் ஆயாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வரவு செலவைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த தாளை வாங்கி நீங்களும் ஒருமுறை வாசியுங்கள். கைரேகை கேட்கிறவரிடம் எதற்கு, எங்கே வைப்பீர்கள், எத்தனை நாள் வைப்பீர்கள் என்று கேளுங்கள். ஓடிபி கேட்கிறவரிடம் மட்டும் எதுவும் கேட்காதீர்கள், போனை வைத்துவிடுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால், பேரனைத் தேடாமல் உடனே அடிக்க வேண்டிய நம்பர் 1930.